விட்டுவிட்ட ஒரு வார்த்தை

ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டு வேலை உத்தரவுக்காகக் காத்திருந்த வருடம் அது. ஐம்பதுகளின் பிற்பகுதி. எங்கள் வீடு பாலக்கரையில். அப்பா பொன்மலை ரயில் பட்டறையில் ஃபிட்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது போதகர் அப்பாவை நிறுத்தினார்.

"உங்க பொண்ணு நல்லா இங்கிலீஷ் பேசுமாமே? மூணு மாசத்துக்கு ஒரு ஒத்தாசை வேணும்."

விஷயம் இதுதான். எங்கள் சபை, உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில் பெண் குழந்தைகளுக்காக ஓர் அநாதை விடுதி நடத்திவந்தது. அங்கே ஊழியம் செய்ய நார்வே தேசத்திலிருந்து ஆறு பேர் தங்கள் சொந்தச் செலவில் வருகிறார்கள். இடிந்துபோன சாப்பாட்டுக் கொட்டகையைக் கட்டித் தருவார்கள். பிள்ளைகளின் சொறி சிரங்குக்கு மருந்து போடுவார்கள். பாட்டும் வேதபாடமும் சொல்லிக்கொடுப்பார்கள். அவர்கள் பேசுவதைத் தமிழிலும் இங்கே இருப்பவர்கள் பேசுவதை இங்கிலீஷிலும் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அம்மாவுக்கு அரை மனது. அப்பா, "வீட்ல சும்மா இருக்கிறதுக்குப் போயிட்டு வரட்டும்" என்றார். எனக்குப் பத்தொன்பது வயது. வெள்ளைக்காரர் ஒருவரோடும் அதுவரை நான் பேசியதில்லை.

ஜனவரி நடுவில் அவர்கள் வந்தார்கள். கொழும்பு வரை கப்பலில் வந்து, அங்கிருந்து தனுஷ்கோடி வழியாக போட் மெயிலில் ஏறி, திருச்சி ஜங்ஷனில் இறங்கும்போது ஆறு பேரும் வெயிலில் சிவந்து வாடிப்போயிருந்தார்கள். ஜங்ஷனில் முதல் ஐந்து நிமிடத்திலேயே எனக்கு ஒன்று தெரிந்துவிட்டது. அவர்களுக்கும் இங்கிலீஷ் சொந்த பாஷை இல்லை. என்னைப் போலவே பள்ளிக்கூடத்தில் படித்தது. அதனால் நாங்கள் பேசியதெல்லாம் சின்னச் சின்ன வாக்கியங்கள். நடுநடுவே கையைக் காட்டிச் சரிசெய்துகொள்வோம்.

அவர்களில் ஒரு பெண்ணைப் பற்றித்தான் இப்போது சொல்லப்போகிறேன். முப்பத்தைந்து வயதிருக்கும். ஊரில் மாட்டுப் பண்ணை வைத்திருக்கும் குடும்பம். அகலமான தோள், ஆண்களுடையதைப் போன்ற பெரிய கைகள், மெதுவான பேச்சு. பிள்ளைகள் இரண்டாம் நாளே அவருக்கு வெள்ளக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். நானும் மனதுக்குள் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

விடுதியில் இரண்டு பசுக்கள் இருந்தன. வந்த மறுநாள் காலையில் வெள்ளக்கா வாளியை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போய், தன் ஊர் வழக்கப்படி உட்கார்ந்து கறக்கத் தொடங்கினார். சொட்டுப் பால் வரவில்லை. திரும்பத் திரும்ப முயன்றார். சமையல்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"கன்னுக்குட்டிய முதல்ல ஊட்ட விடணும்னு சொல்லுங்க டீச்சர். இங்க மாடெல்லாம் கன்னு வாய் வைக்காம சுரக்காது."

நான் சொன்னேன். "எங்கள் ஊரில் கன்று பிறந்ததும் பிரித்துவிடுவோம்" என்றார் வெள்ளக்கா, ஆச்சரியத்தோடு. கன்றை அவிழ்த்துவிட்டதும் பால் நுரைத்துக்கொண்டு வந்தது. அன்று முதல் இரண்டு வேளையும் கறப்பது அவர் வேலை ஆயிற்று.

விடுதியிலேயே சிறியவளை எல்லோரும் குட்டி என்று கூப்பிடுவார்கள். நான்கு வயது. வந்து இரண்டு மாதமே ஆகியிருந்தது. யாரோடும் பேசமாட்டாள். தட்டில் போட்ட சோறு காய்ந்துபோகும் வரை பார்த்துக்கொண்டே இருப்பாள். விடுதித் தலைவியை நாங்கள் பெரியம்மா என்போம். எழுபது பிள்ளைகளைத் தனி ஆளாக நிர்வகிப்பவர். அதட்டினாலும் கெஞ்சினாலும் குட்டி அவருக்கும் மசியவில்லை. வெள்ளக்கா ஒருநாள் அவள் பக்கத்தில் தரையில் சம்மணம் போட முயன்று, முடியாமல் காலை நீட்டி உட்கார்ந்து, ரசஞ்சோற்றைக் கையால் பிசைய ஆரம்பித்தார். விரலிடுக்கெல்லாம் வழிந்தது. குட்டி கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தாள். பிறகு தன் கையால் ஒரு பிடி சோற்றை உருட்டி, இப்படித்தான் என்பது போல அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதை அவளுக்கு ஊட்டினார். அன்று அவள் தட்டைக் காலி செய்தாள். பிறகு அவர் எங்கே போனாலும் அவருடைய கவுனைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். பேசவும் தொடங்கினாள். அவள் பேசியது அவருக்குப் புரியாது. இருவரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

பிப்ரவரி முதல் ஞாயிறு வந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு விடுதியில் பார்வையாளர் நாள். மதியம் மூன்று மணிக்கு வாசல் திறந்ததும் முப்பது, நாற்பது பெண்கள் தூக்குவாளியும் மூட்டையுமாக உள்ளே வந்தார்கள். பிள்ளைகள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார்கள்.

வெள்ளக்கா என் கையைப் பிடித்தார். "இவர்கள் யார்?"

"அம்மாக்கள்."

"யாருடைய அம்மாக்கள்?"

"இந்தப் பிள்ளைகளுடைய."

அவர் முகம் வெளுத்துப்போனது. "அநாதைகள் என்றுதானே எங்களிடம் சொன்னார்கள்?"

அதுவரை எனக்கு இதில் சொல்ல எதுவும் இருப்பதாகவே தோன்றியதில்லை. அப்பா செத்து, அம்மா கூலிக்குப் போய், கஞ்சிக்கு வழியில்லாத வீட்டுப் பிள்ளை என்றால் அதுவும் எங்களுக்கு அநாதைதான். இதை என் இங்கிலீஷில் சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. அவர் கடைசியில் கேட்டார், "குட்டிக்கும் இருக்கிறாளா?"

"அதோ வருகிறாரே, அவர்தான்" என்றேன், பெரியம்மாவிடம் கேட்டுவிட்டு.

தொட்டியம் பக்கத்தில் வாழைத் தோட்டத்தில் கூலி வேலை பார்ப்பவர் அந்தப் பெண். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருக்கலாம். வாழைக்கறை பட்டு விரல்களெல்லாம் கறுத்திருந்தன, சேலையிலும் கறை. ஒரு சீப்பு பழத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். குட்டி அவரிடம் ஓடவில்லை; நடந்துபோய் மடியில் உட்கார்ந்தாள். சிறிது நேரம் கழித்து ஒரு பழத்தை எடுத்துவந்து வெள்ளக்காவிடம் கொடுத்துவிட்டு மறுபடி மடிக்குப் போனாள். அந்த அம்மா தூரத்திலிருந்தே வெள்ளக்காவைப் பார்த்துக் கும்பிட்டார். வெள்ளக்காவும் கைகளைக் கூப்பினார். அன்று அவர்களுக்குள் பேச்சு அவ்வளவுதான்.

பிப்ரவரி கடைசியில் பிள்ளைகளை முக்கொம்புக்கு அழைத்துப் போனோம். அணைக்கட்டு மதகுகளுக்குக் கீழே தண்ணீர் முழங்காலளவுதான் இருந்தது. புளிச்சோறு சாப்பிட்டுவிட்டுப் பிள்ளைகள் மணலில் விளையாடினார்கள். குட்டி வெள்ளக்காவின் மடியில் தூங்கிப்போனாள். அவர் தன் தொப்பியால் அவள் முகத்துக்கு நிழல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும்" என்றார். "இவளை நான் என் ஊருக்கு அழைத்துப் போக விரும்புகிறேன். போதகரை வைத்து உங்கள் பெரியம்மாவிடம் பேசிவிட்டேன். தாய் சம்மதித்துக் காகிதத்தில் கைநாட்டு வைத்தால், மேற்கொண்டு மெட்ராசில் செய்ய வேண்டியதைச் செய்யலாம் என்கிறார். வருகிற ஞாயிறு தாயிடம் நான் கேட்கப்போகிறேன். நீதான் எனக்காகப் பேச வேண்டும்."

அவர் தானே தொடர்ந்தார். "மாதத்தில் இரண்டு மணி நேரம்தான் அந்தத் தாய் இவளோடு இருக்கிறாள். நான் நாள் முழுவதும் இருப்பேன்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. எனக்கும் அது நல்லதாகத்தான் பட்டது. காலில் செருப்பு இல்லாத ஒரு பிள்ளை கப்பல் ஏறிப்போய்ப் பால் குடித்து வளரும், படிக்கும். இதில் என்ன குறை? வீட்டில் அம்மாவிடம் சொன்னபோது அவர் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "பெத்தவகிட்ட இதை நீ எப்படிச் சொல்லுவ?" என்று மட்டும் கேட்டார்.

மார்ச் முதல் ஞாயிறு, விடுதி வேப்பமரத்தடியில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். குட்டி அம்மாவின் மடியில். வெள்ளக்கா தயார் செய்துகொண்டு வந்திருந்தார். ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னார்.

"எனக்குப் பிள்ளைகள் இல்லை. இவளை என் மகளாக்கிக்கொள்ள விரும்புகிறேன். சட்டப்படி என் மகள். என் குடும்பப் பெயர் இவளுக்கு வரும். என்னால் முடிந்தால், பெரியவளான பிறகு, இந்த ஊரைப் பார்க்க ஒருமுறை அழைத்து வருவேன்."

நான் அந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். நல்ல செய்தி ஏதோ வரப்போகிறது என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குட்டிய அவங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போயி படிக்க வைக்கிறேங்கிறாங்க" என்றேன். "நல்லா பாத்துக்குவாங்க. திரும்பக் கூட்டிட்டு வருவாங்க."

"எத்தனை வருஷத்துக்கு டீச்சர்?"

இதை நான் வெள்ளக்காவிடம் கேட்கவே இல்லை. "படிப்பு முடியற வரைக்கும்" என்று நானே சொன்னேன்.

"லீவுக்கு வருமா?"

"ரொம்பத் தூரம்க்கா. அடிக்கடி வர முடியாது."

அவர் மகளின் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டே யோசித்தார். "சரிங்க. எங்கிட்ட இருந்து என்னத்தப் பாக்கப்போவுது. படிச்சிட்டு வரட்டும்."

"என்ன சொல்கிறார்?" என்றார் வெள்ளக்கா.

"சரி என்கிறார்."

வெள்ளக்கா அழுதுவிட்டார். வாழைக்கறை படிந்த அந்தக் கைகளைத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டார். அந்த அம்மாவுக்கும் கண் கலங்கியது. பெரியம்மா வந்து, மறுநாள் பிற்பகல் காகிதம் தயாராக இருக்கும் என்றார். ஸ்ரீரங்கத்தில் தன் அக்கா இருக்கிறாள், அங்கே தங்கிவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போனார் அந்த அம்மா.

அன்று மாலை ஆராதனையில் எனக்குப் பாட்டு வரவில்லை. மகள் என்ற வார்த்தையை நான் ஏன் விட்டேன்? வேண்டுமென்று விடவில்லை. நாக்கு அந்த இடத்துக்கு வந்ததும் அதுவாகவே சுற்றுவழியில் போய்விட்டது. ஆனால் எத்தனை வருஷம் என்ற கேள்விக்கு நான் சொன்ன பதில் நாக்குத் தவறியது அல்ல. இரண்டு பேரும் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று நானே கட்டிச் சொன்னது.

திங்கட்கிழமை காலையில் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினேன். அவருடைய அக்கா, அம்மா மண்டபம் படித்துறைக்குப் போகும் சாலையில் பூவும் துளசியும் விற்பவர் என்பது மட்டும்தான் தெரியும். மூன்றாவதாக விசாரித்த கடையே அவருடையது. மடிசார் கட்டிய ஒரு மாமி துளசி வாங்கிக்கொண்டிருந்தார். "சீக்கிரம் குடுடீம்மா, பெருமாள் சேவிக்க நாழியாறது" என்று அவசரப்படுத்தினார். அவர் போன பிறகு நான் யாரென்று சொன்னேன். "தங்கச்சி துணி துவைக்கப் போயிருக்கு, படித்துறைக்குப் போங்க" என்றார் அக்கா.

படித்துறையின் கடைசிப் படியில் தண்ணீருக்குள் நின்று அந்த அம்மா சேலையை அலசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை உதறிவிட்டு மேலே வந்தார்.

"புள்ளைக்கு ஏதாச்சுமா டீச்சர்?"

"இல்லக்கா. நேத்து நான் சரியா சொல்லல."

ஈரப் படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சட்டப்படி மகள். வேறு குடும்பப் பெயர். திரும்பி வருவது நிச்சயமில்லை. வந்தாலும் பார்த்துவிட்டுப் போக மட்டும்தான். ஒரு வார்த்தை விடவில்லை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்ப அது அவங்களத்தான் அம்மான்னு கூப்பிடும்."

"ஆமாக்கா."

"என்னைய?"

நான் படியில் கிடந்த ஈரச் சேலையைப் பார்த்தேன்.

"இதை நேத்தே சொல்றதுக்கு என்ன டீச்சர்?" குரலில் கோபம் இல்லை, அதனால்தான் எனக்குத் தாங்க முடியவில்லை. "நான் பாட்டுக்குத் தலைய ஆட்டிட்டு வந்துட்டேன். கைநாட்டும் வச்சிருப்பேன். எழுதியிருக்கிறத எனக்கு யாரு படிச்சுச் சொல்லுவா, நீங்கதானே?"

நான் அழுதேன். அவர் என்னைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. சேலையைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார். "வாங்க, நான் வந்து அவங்ககிட்ட நேர்ல சொல்றேன். நான் சொல்றத மட்டும் சொல்லுங்க."

பஸ்ஸில் காவேரிப் பாலத்தைக் கடந்து விடுதிக்கு வந்தோம்.

பெரியம்மாவின் அறையில் தட்டச்சு செய்த தாள் மேசை மேல் இருந்தது. முதலில் நான் வெள்ளக்காவிடம் இங்கிலீஷிலும் பெரியம்மாவிடம் தமிழிலும் நேற்று செய்ததை ஒப்புக்கொண்டேன். பெரியம்மா, "உன்னை நம்பி உக்கார வச்சேனே" என்றார். வெள்ளக்கா என்னைப் பார்க்கவே இல்லை. அந்த அம்மாவைத்தான் பார்த்தார்.

"புள்ளைய குடுக்க முடியாதுன்னு சொல்லுங்க" என்றார் அந்த அம்மா.

சொன்னேன்.

"அவங்க மேல குத்தமில்ல. எம்பொண்ணு சோறு திங்கிறதே அவங்களாலதான். இருக்கிற வரைக்கும் அவங்களே ஊட்டட்டும். எனக்கு அதுல ஒண்ணும் இல்ல."

அதையும் சொன்னேன். வெள்ளக்கா தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

"அவங்களுக்கு ஏன் புள்ள இல்லன்னு கேளுங்க."

பெரியம்மா நெளிந்தார். நான் கேட்டேன். வெள்ளக்கா சொன்னார்: தன் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து பதினான்கு வருடம் படுக்கையில் இருந்தார், பண்ணையையும் அம்மாவையும் பார்த்துக்கொண்டதில் கல்யாண வயது போய்விட்டது, போன வருடம் அம்மா இறந்தார், வீட்டில் இப்போது யாரும் இல்லை. நான் தமிழில் சொல்லி முடித்ததும் அந்த அம்மா நாற்காலியை விட்டு எழுந்து போய் வெள்ளக்காவின் தோளில் கை வைத்தார்.

"பெத்தவளுக்குச் செஞ்சிருக்காங்க" என்றார் என்னிடம். பிறகு, "இதச் சொல்லுங்க. அவங்களுக்கு நல்லதுதான் நடக்கும்" என்றார்.

பெரியம்மா அந்தத் தாளை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் வெள்ளக்கா என்னோடு பேசவில்லை. மாட்டைக் கறந்தார்; பிள்ளைகளைக் குளிப்பாட்டினார்; குட்டிக்கு ஊட்டினார். யாருக்கும் தேவையில்லாமல் அங்கே சுற்றிவருவது எனக்குக் கஷ்டமாக இருந்தது. மூன்றாம் நாள் கொட்டிலில் என்னைக் கூப்பிட்டார்.

"நீ எனக்கு நல்லது செய்ய நினைத்தாய், எனக்குத் தெரியும்" என்றார். "ஆனால் அந்தத் தாயிடமிருந்து நான் ஒரு பிள்ளையைத் திருடியிருப்பேன். திருடினேன் என்பதே எனக்குத் தெரிந்திருக்காது. இனி யார் என்ன சொன்னாலும் அப்படியே சொல். கெட்ட வார்த்தையாக இருந்தாலும் சரி."

அந்த வாரமே அதற்குச் சோதனை வந்தது. சாப்பாட்டுக் கொட்டகைக்கு அவர்கள் எழுப்பிய சுவரைப் பார்க்க ஒரு கொத்தனார் வந்தார். குழுத் தலைவர் பெருமையோடு, "எப்படி இருக்கிறது என்று கேள்" என்றார்.

கொத்தனார் தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டுச் சுவரின் நேர் பார்த்தார். "இது செவுரா? ஐப்பசி மழைக்கு நிக்காதும்மா. ஒரு மாடு முதுகு சொறிஞ்சா விழுந்துரும். அவங்ககிட்ட இப்படிச் சொல்லாதீங்க, பாவம், ஏதாச்சும் நல்லதா சொல்லி வைங்க."

நான் மாடு முதுகு சொறிவது வரைக்கும் சொன்னேன். இப்படிச் சொல்லாதீங்க என்று சொன்னதையும் சொன்னேன். ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது வெள்ளக்காதான். கொத்தனார் முகம் சுண்டிப்போய் என்னை முறைத்தார். ஆனால் மறுநாள் அவர் தலைமையில் சுவர் இடிக்கப்பட்டது. குழுவில் தச்சர்களாக இருந்த இருவரும் அவருக்குச் சாந்து குழைத்துக் கொடுத்தார்கள். அந்தக் கொட்டகை உறுதியாக நின்றது. அதன் கீழே எத்தனையோ வருடம் பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.

மார்ச் கடைசியில் அவர்கள் புறப்பட்டார்கள். ஜங்ஷனுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டாம் என்று வெள்ளக்காவே சொல்லிவிட்டார். காலையில் குட்டிக்கு ஊட்டினார், முகம் துடைத்தார், அவளை என் இடுப்பில் ஏற்றிவிட்டுப் போனார். மதியம் அவள் அவரைத் தேடினாள். கொட்டில், கிணற்றடி, சமையற்கட்டு எல்லாம் பார்த்துவிட்டு வந்து என்னிடம், "வெள்ளக்கா?" என்றாள்.

"ஊருக்குப் போயிட்டாங்க. இனிமே வரமாட்டாங்க" என்றேன்.

நாளைக்கு வருவாங்க என்று சொல்லியிருக்கலாம். எழுபது பிள்ளைகளைப் பார்க்கும் பெரியம்மா அப்படித்தான் சொல்லச் சொன்னார். குட்டி அன்று முழுவதும் சாப்பிடவில்லை. மறுநாள் கொஞ்சம் சாப்பிட்டாள். அடுத்த பார்வையாளர் ஞாயிற்றில் அவள் அம்மா வரும்போது வாசலுக்கு ஓடினாள்.

அடுத்த வருடம் வேறொரு குழு வந்தது. எனக்குப் பள்ளியில் வேலை கிடைத்திருந்தாலும் சனி ஞாயிறுகளில் போய்ப் பேசிக்கொடுத்தேன். பெரியம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டிருந்தேன்: வருகிறவர்கள் முதலில் பார்வையாளர் நாளைப் பார்க்கட்டும், அதற்குப் பிறகு வேலையைத் தொடங்கட்டும். "அதெல்லாம் பாத்தா காசு குடுப்பாங்களா?" என்று முணுமுணுத்தாலும் அவர் ஒத்துக்கொண்டார். அந்த வருடம் அவர்கள் யாரும் எந்தப் பிள்ளையையும் கேட்கவில்லை. போகும்போது, அம்மாக்கள் வந்தால் வெயிலில் நிற்காமல் இருக்க வாசலில் ஒரு பந்தல் போட்டுவிட்டுப் போனார்கள்.

குட்டி பத்து வயது வரை விடுதியில் இருந்தாள். அவள் அம்மா மறுபடி கல்யாணம் செய்துகொண்டு, மகளைத் தொட்டியத்துக்கே அழைத்துக்கொண்டார். அறுபதுகளின் நடுவில் ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் இருவரையும் பார்த்தேன். வாழை இலைக் கட்டுகளோடு நின்றிருந்தார்கள். பெண் அம்மாவின் தோளுக்கு மேல் வளர்ந்திருந்தாள். ஏழாவது படிக்கிறாளாம், கணக்கில் முதலாம்.

"வெள்ளக்காவ ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். "இல்ல டீச்சர். யாரோ பெரிய கையா ஒருத்தங்க... சரியா தெரியல."

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றார் அம்மா. "நல்லா இருக்காங்களா?"

வெள்ளக்கா வருடத்துக்கு இரண்டு முறை எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றிலும் குட்டியைக் கேட்பார். அந்த முறை நான் உள்ளதை எழுதினேன்: உயரமாக இருக்கிறாள், கணக்கில் முதல், உங்களை அவளுக்கு நினைவில்லை, அவள் அம்மாவுக்கு இருக்கிறது. தபாலில் போட்ட பிறகு ஒரு வாரம் மனசு உறுத்திக்கொண்டே இருந்தது.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அவர்கள் ஊரில் பெற்றோர் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைகளைக் கொஞ்ச காலம் வீட்டில் வைத்து வளர்க்கும் ஏற்பாடு உண்டாம். அண்ணன் தங்கையாக இரண்டு பேர் அவரிடம் வந்திருக்கிறார்கள். தாய் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், குணமானதும் அழைத்துப் போவாள். அதுவரைக்கும்தான் என்று பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன், என்று எழுதியிருந்தார். பையனுக்குப் பல் விழுந்திருக்கிறது. வெளியே பனி கொட்டுகிறது, பாதையை வெட்டிவிட்டு வந்து மீதியை எழுதுகிறேன், என்று பாதியில் நிறுத்தி, வேறு மை நிறத்தில் மறுபடி தொடங்கியிருந்தது அந்தக் கடிதம்.